ஆய்வின் முடிவு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கடலூர் சிப்காட் வளாகத்தில் சிறிய இரசாயன ஆலை நடத்துகிறேன். எங்கள் கழிவுநீரின் நிறத்தை நீக்க மலிவான முறை ஒன்றைக் கண்டறிந்து தரும்படி ஒரு பல்கலைக்கழகத் துறையை அணுகினோம். செலவு முழுவதும் எங்களுடையது. ஆனாலும், முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடும் உரிமையை விட்டுத்தர முடியாது என்று பேராசிரியர் பிடிவாதம் பிடிக்கிறார். பணம் போட்டவருக்குத்தானே முடிவும் சொந்தம்? இப்படி இருந்தால் தொழில்துறை எப்படிப் பல்கலைக்கழகத்தை நாடும்?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உங்களுக்கு வருத்தம் தரும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்: நியாயம் பேராசிரியர் பக்கம் இருக்கிறது. கண்டுபிடித்த முறையைத் தொழிலில் பயன்படுத்தும் உரிமையையும், அதைப் பற்றி யாரும் வாய்திறக்காமல் தடுக்கும் உரிமையையும் நீங்கள் ஒன்றாகக் கருதிக்கொண்டீர்கள். முதலாவது விலைக்குக் கிடைக்கும். புதிய முறைக்குக் காப்புரிமை பெற்று, அதைப் பயன்படுத்தும் தனியுரிமையைச் சில ஆண்டுகளுக்கு உங்களுக்கு மட்டும் தரும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கட்டுரை வெளிவந்துவிட்டால் அந்த முறை 'புதியது' என்னும் தகுதியை இழக்கும் என்பதால், கட்டுரையை 60 அல்லது 90 நாள் நிறுத்திவைக்கும்படி நிறுவனம் கேட்பதும் முறையே. பல பல்கலைக்கழகங்கள் இதை ஏற்கின்றன. நீங்கள் கேட்பதோ காலவரம்பில்லாத மௌனம்.

அந்த மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெட்டி டாங் என்ற மருந்தியலாளர், சிந்த்ராய்டு என்னும் தைராய்டு மாத்திரையை விலை குறைந்த பிற மாத்திரைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பணம் கொடுத்தது சிந்த்ராய்டைத் தயாரித்த நிறுவனமே. தன் மாத்திரையே மேல் என்று நிரூபணமாகும் என அது எதிர்பார்த்தது. 1990இல் ஆய்வு முடிந்தபோது எல்லா மாத்திரைகளும் ஒரே தரத்தவை என்று தெரியவந்தது. ஆனால் நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் முடிவை வெளியிடக்கூடாது என்ற ஒற்றை வரி ஒப்பந்தத்தில் இருந்தது. 1995 ஜனவரியில் அச்சேறவிருந்த கட்டுரை வழக்கு வரும் என்ற அச்சத்தில் திரும்பப் பெறப்பட்டது, பல்கலைக்கழகமும் கைவிரித்தது. 1997 ஏப்ரலில்தான் அது வெளிவந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் தேவைக்கு மேல் விலை கொடுத்து மாத்திரை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

தொழில்துறையோடு கூட்டே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 1921-22இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் இன்சுலினைக் கண்டறிந்துவிட்டார்களே தவிர, அதைப் பெருமளவில் தயாரிக்க முடியாமல் திணறினார்கள். ஒரு கட்டத்தில் சிறிதளவு செய்வதற்கே கைவரவில்லை. எலை லில்லி என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் இல்லாவிட்டால் அந்த மருந்து நோயாளிகளை அடைய இன்னும் பல காலம் ஆகியிருக்கும். அதற்கு ஈடாக நிறுவனத்துக்குக் கிடைத்தது ஓராண்டுத் தனியுரிமை. தயாரிப்பில் அது காணும் மேம்பாடுகளைப் பல்கலைக்கழகத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் உடன்பாட்டில் இருந்தது. காப்புரிமையையோ, கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே எழுதிக்கொடுத்தார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் உங்கள் கழிவுநீரோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டப் போகிறவர் பேராசிரியர் அல்லர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த ஒரு மாணவரோ மாணவியோதான். அவர் பொது வாய்மொழித் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கும்படி நின்று பதில் சொல்ல வேண்டும். அவருடைய ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி ஏற வேண்டும். முடிவு உங்கள் பெட்டியில் பூட்டப்பட்டால் அவருடைய நான்கைந்து ஆண்டு உழைப்பும் அதற்குள்ளேயே போய்விடும். அதற்கு நீங்கள் தரும் உதவித்தொகை ஈடாகாது.

இன்னொன்றும் உண்டு. எந்த வினையூக்கியை எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்பது உங்கள் தொழில் இரகசியம். அதை மறைக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஒப்பந்தத்தில் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் சுத்திகரித்த பிறகும் நீரில் என்ன மிஞ்சுகிறது என்பது உங்கள் இரகசியம் ஆகாது. சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றில் வலை வீசுகிறவர்களுக்கும், அக்கம்பக்கத்துக் கிணற்று நீரைக் குடிக்கிறவர்களுக்கும் அந்த முடிவில் உங்களைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. உங்கள் முறை நன்றாக வேலை செய்தால், அது கட்டுரையாக வருவதைவிட மலிவான விளம்பரம் ஏது? வேலை செய்யாவிட்டால், அதே வழியில் பக்கத்து ஆலை பணத்தை வீணாக்காமல் தப்பும்.

இல்லை, அறிக்கை எனக்கு மட்டுமே வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாதிரியைக் கொடுத்து, கட்டணம் கட்டி, பரிசோதனை அல்லது ஆலோசனைப் பணியாகச் செய்யச் சொல்லுங்கள். அதை ஆராய்ச்சிக் கூட்டுறவு என்று அழைத்து மாணவரை அதில் இழுக்காதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி மட்டும் நியாயமானது. ஆனால் உண்மையான காரணம் நீங்கள் சுட்டியது அன்று. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் (NAAC) அமைப்பின் குழு வருவதற்கு முன்பு எண்ணிக்கைக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்ட பின் அந்தக் கோப்பை யாரும் திறப்பதே இல்லை. ஒரு கருவி வாங்க மூன்று விலைப்புள்ளி, குழு, கையெழுத்து, மறுபடியும் குழு என்று மாதங்கள் கழியும். உங்களைப் போன்ற சிறு ஆலைக்காரர் அதுவரை கழிவுநீரைத் தொட்டியில் தேக்கிவைத்துக் காத்திருக்க முடியாது. அந்தத் தாமதத்தைக் கண்டித்து நீங்கள் எழுதியிருந்தால், உங்கள் பக்கம் நின்றே பதில் எழுதியிருப்பேன்.