மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் நியூரம்பெர்க்கும் ரோத்தன்பர்கும்: பதில்

வணக்கம். டிசம்பர் நடுவில், முழங்கால் வலியுள்ள தாயாருடன் இவ்விரு ஊர்களின் கிறிஸ்துமஸ் சந்தைகளையும் ஒரே நாளில் பார்க்க இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். நியூரம்பெர்க் ஒன்றே போதும் என்பேன்; ரோத்தன்பர்குக்கு வண்டி மாறி மாறிச் செல்ல வேண்டியிருப்பதாலும், மாலை நாலேகால் மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுவதாலும், வெளிச்சம் உள்ள நேரமெல்லாம் ரயில் நிலையங்களிலேயே கழிந்துவிடும். பவேரியா மாநிலத்துக்குள் வட்டார ரயில்களில் ஒரு நாள் பயணிக்க உதவும் பவேரியா டிக்கெட் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லுபடியாகும். ஐசிஇ எனும் அதிவேக ரயிலிலோ செல்லுபடியாகவே ஆகாது. நியூரம்பெர்க் நிலையத்திலிருந்து, சந்தை கூடும் ஹவுப்ட்மார்க்ட் சதுக்கம் நடக்கும் தொலைவுதான். அவ்வூர்க் கோட்டைக்குச் செல்லும் கல் பாவிய ஏற்றத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விரலளவு பன்றியிறைச்சி சாசேஜ் மூன்றை ஒரே பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். சூடான மசாலா ஒயின் குவளைக்கு வாங்கும் முன்பணம், குவளையைத் திருப்பிக் கொடுத்ததும் கிடைத்துவிடும். தாயாருக்கு மது கலக்காத 'கிண்டர்புன்ச்' கேளுங்கள்.