கணுக்கால் அரிப்பும் கலங்கிய மனமும்

கேள்வி: ஓராண்டாக இடது கணுக்காலிலும் பிடரியிலும் ஓயாத அரிப்பு, தோல் தடித்துக் கறுத்துவிட்டது. கணவரின் வேலை போனபோது தொடங்கியது. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைப் பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. "டென்ஷனைக் குறையுங்கள்" என்கிறார் குடும்ப மருத்துவர். "எல்லாம் மனப்பிரமை" என்கிறார் மாமியார். எதை நம்புவது?
– வாசகி, செம்பூர், மும்பை.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அரிப்பு பிரமை அன்று. கருவில் தோலின் மேலடுக்கும் மூளையும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன. அந்த உறவு வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. மனம் கலங்கும்போது தோலின் நரம்பு முனைகள் சுரக்கும் வேதிப்பொருள்கள் அருகிலுள்ள மாஸ்ட் செல்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் பொருளை வெளியிட, அரிப்பு மூள்கிறது. சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது. தடித்த தோல் முன்னிலும் அதிகமாக அரிக்கிறது. அதனால் தூக்கம் கெட, கெட்ட தூக்கம் கவலையை வளர்க்கிறது. கை எளிதில் எட்டும் கணுக்காலிலும் பிடரியிலும் இது அடிக்கடி காணப்படுவதே.

ஆயினும் கவலை நோயைத் தூண்டலாம், வளர்க்கலாம். அதுவே முழுக் காரணம் என்று தோலைப் பாராமலே முடிவுகட்டுவது நியாயமாகாது. கரப்பான், சொரியாசிஸ், பூஞ்சைத் தொற்றான படர்தாமரை ஆகியவை பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், தோல் மருத்துவர் நேரில் பார்த்தே சொல்ல வேண்டும். எனக்குப் பெரிதும் கவலை தருவது அந்தக் களிம்புதான். கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் பல கலப்புக் களிம்புகளில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருக்கிறது. அது அரிப்பை உடனே அடக்கினாலும், நாளடைவில் தோலை மெலியச் செய்யும், படர்தாமரையாக இருந்தால் அதை மறைத்துப் பரவவும் விடும். மும்பையின் மழைக்கால ஈரத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

தோல் மருத்துவரைப் பார்க்கும்வரை நகங்களை ஒட்ட வெட்டுங்கள். குளித்தவுடன் ஈரம் காயுமுன் வாசனையற்ற மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அரிக்கும்போது சொறியாமல் குளிர்ந்த ஈரத்துணியை வைத்து எடுங்கள். இரவில் கணுக்காலைப் பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

வேலையிழப்பின் பாரம் உண்மையானது. அதை அடக்கி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசின் தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவரும் பேசட்டும், அவரும் உறங்காமல்தான் இருப்பார். சயானிலுள்ள மாநகராட்சி மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை. அங்கே தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லும்போது, இதுவரை பூசிய களிம்புக் குழாய்கள் அனைத்தையும், காலியானவை உட்பட, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.