வாக்குக் கொடுக்காமல் ஜில்ட் பண்ண முடியுமா?

கேள்வி: ‘ஜில்ட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என் அகராதியில் ‘கைவிடு’ என்று போட்டிருக்கிறது. ‘வேலையை ஜில்ட் பண்ணிவிட்டேன்’ என்றேன். நண்பர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். என்ன தப்பு?

பதில்: சிரிக்கட்டும், நியாயம் அவர் பக்கம். அகராதி உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறது.

நம் ‘கைவிடு’ தாராளமான சொல். திட்டத்தைக் கைவிடலாம், போராட்டத்தைக் கைவிடலாம், பெற்ற தாயையும் கைவிடலாம். ஜில்ட்டுக்கு அவ்வளவு பரந்த மனசு கிடையாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளோடு காதல் இருக்கவேண்டும். நம்பவைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் கல்யாணம் செய்துகொள்வதாக. அப்புறம் திடுதிப்பென்று கழற்றிவிட வேண்டும். தேதி குறித்து, அழைப்பிதழ் அச்சடித்து, மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு காத்திருக்கும்போது மணப்பெண்ணின் செல்போன் ‘சுவிட்ச் ஆஃப்’ என்கிறதா? அது அசல் ஜில்ட். தமிழில் ‘ஆசை காட்டி மோசம் செய்வது’ என்கிறோமே, அதுதான் இதற்குச் சரியான ஜோடி. உங்கள் அகராதிக்காரருக்கு அது ஏன் தோன்றவில்லையோ!

கல்யாணம் ஆனபிறகு விட்டுவிட்டு ஓடினால் அது ‘டெஸர்ட்’. (பின் அசையை அழுத்திச் சொல்லுங்கள். முன் அசையை அழுத்தினால் பாலைவனம்.) பட்டாளத்திலிருந்து சொல்லாமல் ஓடுகிற சிப்பாய்க்கும் அதே சொல்தான்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இந்தக் கல்யாண வாக்கு கோர்ட்டு வரைக்கும் போனது. வாக்குத் தவறியவர்மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடிந்தது. பெரும்பாலும் பெண்கள்தான் போட்டார்கள். 1970-இல் வந்த சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 17-ஆம் நூற்றாண்டில் ‘ஜில்ட்’ பெண்களைத் திட்டுகிற பெயர்ச்சொல்லாகவும் இருந்தது. ஆசை காட்டி ஏமாற்றுகிறவள் ஒரு ‘ஜில்ட்’. ஏமாற்றுகிற ஆணுக்கு அந்தப் பட்டம் அபூர்வம்! இப்போது வினைச்சொல் இருபாலாருக்கும் பொது. ஆனால் ‘ஜில்டட் லவர்’ என்ற முத்திரை விழுவது ஏமாந்தவர் தலையில். விட்டுப்போனவர் பெயரில்லாமல் தப்பித்துவிடுகிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆங்கிலம் என்னைக் கேட்டு வளரவில்லை.

கூட்டணி பேசிவிட்டுக் கடைசி நேரத்தில் எதிரணிக்குத் தாவும் கட்சியையும் பத்திரிகைகள் ‘ஜில்ட் செய்தது’ என்று கிண்டலாக எழுதும். அங்கேயும் ஒரு வாக்கு இருந்தது, பாருங்கள்.

உங்கள் அலுவலகத்துக்கு நீங்கள் அப்படி எதுவும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை என்றால், ராஜினாமா செய்துவிட்டேன் என்றே சொல்லுங்கள்.