டிரம் விற்ற காசு

கேள்வி: பணக்காரக் குடும்பங்கள் சொந்தப் பெயரில் அறக்கட்டளை தொடங்கி 'மழலையர் வளர்ச்சி' என்று போர்டு மாட்டுவது வரியை மிச்சம் பிடிக்கத்தானே? திடீரென்று பச்சைக் குழந்தைகள் மேல் இவர்களுக்குப் பாசம் எங்கிருந்து வருகிறது?

பதில்: பல இடங்களில் பணம் முதலில் வருகிறது, அதை எதற்குச் செலவழிப்பது என்ற யோசனை அப்புறம் வருகிறது. பாசமா? அது ஆண்டறிக்கை எழுதுகிறவர் சேர்ப்பது.

நெதர்லாந்தின் வான் லீர் அறக்கட்டளையைப் பாருங்கள். சின்னஞ்சிறு குழந்தைகளின் வளர்ச்சி என்று பேச்செடுத்தால் உலக அளவில் அடிபடும் பெயர். அதன் மூலவர் பெர்னார்ட் வான் லீர், 1919-இல் தொழில் தொடங்கி, எண்ணெய் கம்பெனிகளுக்கு இரும்பு டிரம் செய்து கொடுத்துக் கொழித்தவர். குதிரைப் பைத்தியம் வேறு. 'கவல்யோஸ்' என்று சொந்தமாக ஒரு சர்க்கஸே வைத்திருந்தார். யூதர். நாஜிகள் நாட்டைப் பிடித்த பிறகு, 1941-இல், கம்பெனிகளை விற்றுக் கொடுத்துவிட்டு வெளியேற அனுமதி வாங்கினார். குடும்பம் கிளம்பியது, சர்க்கஸ் குதிரைகளும் கூடவே கிளம்பின. உயிர் தப்ப ஓடுகிறவர் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டா போவார் என்று கேட்காதீர்கள். இவர் போனார், அமெரிக்கா வரைக்கும்.

போருக்குப் பின் திரும்பி வந்து மறுபடி தொழிலைக் கட்டியெழுப்பினார். 1949-இல் அறக்கட்டளை பிறந்தது. நோக்கம் என்ன? பொதுவான மனிதநேயப் பணிகள். அவ்வளவுதான். மழலையர் என்ற பேச்சே அதில் இல்லை. நீங்கள் சந்தேகப்படும் அந்தத் 'திடீர்ப் பாசம்' இங்கே பதினைந்து வருடம் தாமதமாக, அதுவும் மகன் மூலமாக வந்தது. 1958-இல் பெர்னார்ட் இறந்ததும் பொறுப்பு ஆஸ்கர் வான் லீரிடம் வந்தது. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கொடுப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. அறுபதுகளின் நடுவில், வறுமையில் வளரும் சிறு குழந்தைகளுக்கு மட்டும் என்று ஒரே பக்கமாகத் திருப்பினார். காலமும் ஒத்துழைத்தது. பள்ளிக்கு வருமுன்பே குழந்தையின் பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது என்று கல்வியாளர்கள் உரக்கச் சொல்லத் தொடங்கியிருந்த நேரம். அமெரிக்க அரசு ஏழைக் குழந்தைகளுக்காக 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தைத் தொடங்கியது 1965-இல்தான். அடுத்த வருடம் வான் லீர் பணம் ஜமைக்காவின் பாலர் பள்ளிகளுக்குப் போனது.

சரி, வரிக்கு வருவோம். சலுகை உண்டு, அதை மறுக்க நான் யார்? ஆனால் நூறைக் கொடுத்து முப்பதை மிச்சம் பிடித்தால் எழுபது கையை விட்டுப் போகிறதே, அது எந்த ஊர்க் கணக்கு? சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. பங்குகளை அறக்கட்டளைக்கு 'தானம்' செய்துவிட்டு, அறங்காவலர் நாற்காலிகளில் மகன், மருமகள், மைத்துனர் என்று உட்கார வைத்துவிட்டால் சொத்து போனது மாதிரியும் இருக்கும், போகாத மாதிரியும் இருக்கும். இதைத் தெரிந்துதான் அமெரிக்கச் சட்டம் தனியார் அறக்கட்டளைகள் வருடத்துக்குச் சொத்தில் சுமார் 5 சதவீதத்தையாவது வெளியே விட வேண்டும் என்கிறது.

வான் லீர் வீட்டில் நடந்தது வேறு. மனைவியும் இரண்டு மகன்களும் தங்கள் வாரிசுரிமையை விட்டுக் கொடுத்தார்கள். சொத்து அறப்பணிக்குப் போனது. நான் அந்த டிரம் வியாபாரியைவிட இந்த மூன்று கையெழுத்துகளைத்தான் மதிக்கிறேன். 1999-இல் கம்பெனி பின்லாந்துக்காரர்களுக்கு விற்கப்பட்டது. டிரம் வியாபாரம் அப்புறம் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கைமாறியது. விற்ற காசில்தான் அறக்கட்டளை இன்றும் ஓடுகிறது. அதன் நகரத் திட்டம் ஒன்றின் பெயரிலேயே 95 என்ற எண் இருக்கிறது: மூன்று வயதுக் குழந்தையின் உயரம், 95 செ.மீ. அந்த உயரத்தில் நின்றால் தெரு எப்படித் தெரியும் என்று குனிந்து பாருங்கள். கார்களின் பம்பர், பெரியவர்களின் முழங்கால், மூக்குக்கு நேராகப் புகைக்குழாய்.

அடுத்த தடவை அப்படி ஒரு போர்டைப் பார்த்தால், படத்தில் சிரிக்கும் குழந்தையை விட்டுவிடுங்கள். அறங்காவலர் பட்டியலை வாங்கி, அதில் எத்தனை பேர் ஒரே வீட்டுக்காரர்கள் என்று எண்ணுங்கள்.