கடலை எண்ணுறதுக்குக் காசு குடுக்கிறது யாரு?

கேள்வி: உலகத்துக் கடல் உயிர்களை எல்லாம் கணக்கெடுத்தாங்கன்னு எங்கயோ படிச்சேன். அதுக்கு யாரு சார் காசு குடுத்தா, ஐ.நா.வா?
(வாசகர், நாகர்கோவில்)

ஐ.நா. இல்லீங்க. நீங்க சொல்றது 2000-லேருந்து 2010 வரை நடந்த 'சென்சஸ் ஆஃப் மரைன் லைஃப்'. ஆழ்கடல் தரையில வாழுற உயிர்களை ஆராய்ஞ்ச ஃப்ரெட் கிராஸில்ங்கிறவர் 1996-ல ஸ்லோன் ஃபவுண்டேஷன்ல இருந்த ஜெஸ்ஸி ஆசுபெலைப் பார்த்துப் பேசப் போய்த்தான் இது ஆரம்பிச்சது. ஸ்லோன்னா வேற யாரும் இல்ல, ஜெனரல் மோட்டார்ஸை நடத்துனவரு, கார் வித்த காசு கடலுக்குப் போச்சு பாருங்க. மொத்தச் செலவு சுமார் 65 கோடி டாலர், அதுல ஸ்லோன் போட்டது ஏழரைக் கோடி தான். அது உறைமோர் மாதிரி, பால் மத்தவங்க வீட்டுது. ஸ்லோன் பணம் பெரும்பாலும் கூட்டம் போட, திட்டம் தீட்ட, ஆபீஸ் நடத்த, ஆளுங்களைச் சேர்த்து வைக்கன்னு போச்சு, கப்பல் டீசல் சம்பளம் எல்லாம் அந்தந்த நாட்டு அரசும் யுனிவர்சிட்டியும் பார்த்துக்கிச்சு. அப்படித்தான் 80-க்கு மேல நாடு, 2,700 விஞ்ஞானிங்க, 540-க்கு மேல கடல் பயணம்னு பெருசாச்சு.

கேள்வி: ஆளுக்கு ஒரு பக்கம் வேலை பார்த்தா கணக்கு எப்படிங்க ஒத்துப் போகும்?
(வாசகி, மதுரை)

நல்லாக் கேட்டீங்க, உண்மையான தலைவலியே அதான். நான் ஒரு வலையில பிடிக்கிறேன், நீங்க வேற கண்ணு வச்ச வலையில பிடிக்கிறீங்க, அப்புறம் ரெண்டையும் எப்படி ஒப்பிடுறது? 1960-65 வாக்குல சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம்னு ஒண்ணு நடந்துச்சு, பல நாட்டுக் கப்பல் வந்துச்சு, அதுக்குன்னே ஒரே மாதிரி வலை செஞ்சு குடுத்தாங்க, 200 மீட்டர் ஆழத்துலேருந்து மேல இழுக்கணும்னு ஒரே கணக்கு. பிடிச்ச மிதவை உயிர்களை எல்லாம் ஒரே இடத்துல உக்காந்து பிரிக்கணும்னு 1962-ல கொச்சியில ஒரு மையமே திறந்தாங்க. சென்சஸ்லயும் இதே யோசனை தான், கரையோரத்துக்கு 'நகிசா'ன்னு ஒரு திட்டம் (ஜப்பானிய மொழியில கடற்கரைன்னு அர்த்தம்), சதுரச் சட்டத்தைத் தரையில வச்சு அதுக்குள்ள இருக்கிறதை மட்டும் எடுத்து எண்ணு, எந்த நாடா இருந்தாலும் அதே முறை, பெரிய கப்பலே வேணாம்.

கேள்வி: பத்து வருஷம் முடிஞ்சு காசும் தீர்ந்துச்சு. அப்புறம் அந்தக் கணக்கெல்லாம் என்னாச்சு? நான் பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் படிக்கிறேன்.
(மாணவர்)

தம்பி, இதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. புது உயிர் கண்டுபிடிக்கக் காசு கிடைக்கும், பேப்பர்ல போட்டோ வரும்ல, 2005-ல ஈஸ்டர் தீவுக்குத் தெக்க பிடிச்ச மயிர் முளைச்ச 'எட்டி நண்டு' எவ்வளவு பேமஸ் ஆச்சு! ஆனா கண்டுபிடிச்சதைப் பாதுகாத்து வைக்கிறதுக்குன்னா எல்லாரும் கையை விரிச்சிருவாங்க. நல்லவேளையா சென்சஸ் கணக்கைச் சேர்த்து வச்ச 'ஓபிஸ்'ங்கிற டேட்டாபேஸை 2009-ல யுனெஸ்கோவோட கடலியல் ஆணையம் தன் பொறுப்புல எடுத்துக்கிச்சு, இப்போ பெல்ஜியத்துல ஆஸ்டெண்ட் ஊர்லேருந்து நடக்குது. கடல் உயிர்களோட அறிவியல் பேரைச் சரிபார்க்கிற 'வோர்ம்ஸ்' பட்டியலும் அதே ஊர்ல தான். ரெண்டும் யாரு வேணா பைசா குடுக்காம பார்க்கலாம், உங்க பிராஜெக்டுக்கு இன்னைக்கே திறந்து பாருங்க.

இன்னொண்ணு, சென்சஸ் முடியறப்போ புதுசா இருக்கலாம்னு 6,000-க்கு மேல உயிர்களை எடுத்து வச்சிருந்தாங்க, அதுல முறைப்படி பேரு வச்சு எழுதி முடிச்சது சுமார் 1,200 தான். மீதி எல்லாம் பாட்டில்ல ஊறிக்கிட்டு ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு, ஏன்னா புழு, நண்டு, கடல்பஞ்சைப் பார்த்து இது இன்னதுன்னு அடிச்சுச் சொல்ற வகைப்பாட்டு ஆளுங்க உலகத்துலயே கொஞ்சம் பேரு தான். டி.என்.ஏ. மெஷின் ஓட்டக் கத்துக்கோங்க, வேணாங்கல, ஆனா அந்த நண்டு காலைப் பார்த்து இனம் சொல்ற வேலையையும் உங்க வாத்தியார்கிட்ட கத்து வச்சுக்கோங்க, அவர் ரிட்டயர் ஆகறதுக்குள்ள.