ட்ரினிடாட் போறீங்களா? மொதல்ல கொசு, அப்புறம் கார், அப்புறம்தான் திருடன்

கரீபியன் கடல்ல இருக்குற ட்ரினிடாட் தீவுல, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல மூணு வருஷம் வேலை பாத்த கதைய போன இதழ்ல எழுதினதும் எழுதினேன், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல பயம், மீதி சாப்பாடு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்து வச்சு இங்க பதில் சொல்றேன்.

பையன் அங்க வேலைல இருக்கான், கார்னிவல் திருவிழா பாக்க வாங்கன்னு கூப்பிடுறான். நெட்ல பாத்தா கொலை, எமர்ஜென்சின்னே வருது. போலாமா, வேணாமா?
– ஒரு அப்பா, திருச்சி

போலாம் சார். ஆனா நெட்ல வர்றது பொய்னு சொல்ல மாட்டேன். மொத்தமே 15 லட்சம் பேர் கூட இல்லாத நாடு, 2024-ல மட்டும் கொலை 600-ஐ தாண்டிருச்சு, அந்த வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி எமர்ஜென்சியே போட்டாங்க, 2025 ஜூலைல மறுபடியும் போட்டாங்க. அதனால டிக்கெட் போடும்போது ஒரு தடவ, கிளம்புற வாரம் ஒரு தடவ நெலவரத்த பாத்துக்கோங்க.

இதுல பெரும்பகுதி கேங் சண்டை, அதுவும் குறிப்பிட்ட சில ஏரியாக்கள்ல. லாவன்டீல், பீத்தம், சீ லாட்ஸ், இந்த மூணு ஏரியா பேரையும் எழுதி வச்சுக்கோங்க, அங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. ஏர்போர்ட்ல இருந்து சிட்டிக்கு வர்ற ஹைவேயே பீத்தம் ஓரமாத்தான் வரும், அதுல போறது பிரச்சனை இல்ல, வண்டிய ஓரங்கட்டி போட்டோ எடுக்குறதுதான் வேணாம். டவுன்டவுன் பகல்ல ஜேஜேன்னு இருக்கும், இருட்டினா காலி, அப்ப நடக்காதீங்க. ஊருக்கு நடுவுல குயின்ஸ் பார்க் சவானான்னு 260 ஏக்கர் மைதானம், சாயங்காலம் அதச் சுத்தி ஊரே வாக்கிங் போகும், இளநீர் வண்டி நிக்கும், நானும் தெனம் போனேன். ஆனா சுத்தித்தான் போகணும், குறுக்கு வழின்னு நடுவுல எறங்கி நடக்கக்கூடாது. அமெரிக்க அரசு தன்னோட ஆளுங்கள அந்த மைதானத்துக்கு உள்ள போகாதீங்கன்னே சொல்லி வச்சிருக்கு.

அம்மாவும் கூட வர்றாங்கன்னா நகை விஷயம் பேசியே ஆகணும். தாலிக்கொடிய கழட்டச் சொல்றியான்னு சண்டைக்கு வராதீங்க, மஞ்சக்கயித்துல கோத்துக்கிட்டா போதும், தங்கம் வீட்டு லாக்கர்லயே இருக்கட்டும். இன்னொன்னு யாருமே சொல்ல மாட்டாங்க: மிலிட்டரி டிசைன் போட்ட டிரவுசர், டி-ஷர்ட், தொப்பி எதுவும் பெட்டில வைக்காதீங்க, பொதுஜனம் அத போடுறது அங்க சட்டப்படி குத்தம், கஸ்டம்ஸ்லயே எடுத்துப்பாங்க, சின்னப் பசங்க டிரஸ்சா இருந்தாலும் அதே கதைதான்.

கார்னிவல் திங்கக்கிழமை விடிகாலை 4 மணிக்கு ஜூவேன்னு ஆரம்பிக்கும், சேறும் பெயிண்டும் பூசிக்கிட்டு ரோட்டுல ஆடுவாங்க. பாக்கணும்னா ஒரு பேண்டுல, அதாவது சேந்து ஆடிக்கிட்டு போற கோஷ்டில, பேர் குடுத்து அவங்க சுத்திப் புடிச்சிருக்குற கயித்துக்குள்ள போங்க, அவங்களே செக்யூரிட்டி வச்சிருப்பாங்க. பாஸ்போர்ட் ரூம்லயே இருக்கட்டும், ஜெராக்ஸ் மட்டும் போதும். கையில இருக்குற கிளாஸ எங்கயும் வச்சுட்டு திரும்ப எடுத்துக் குடிக்காதீங்க.

தனியா போற பொண்ணு நான். அங்க ஊபர் இல்லயாமே, எதுல போறது?
– வாசகி, கோவை

இது ரொம்ப முக்கியமான கேள்விம்மா. அங்க டாக்சிக்கு மஞ்ச கலரோ மேல போர்டோ இருக்காது, சாதா கார்தான், நம்பர் பிளேட் 'ஹெச்' எழுத்துல ஆரம்பிச்சா வாடகை வண்டி, 'பி'ன்னா சொந்த வண்டி. 'பி' பிளேட்ட வச்சுக்கிட்டு திருட்டுத்தனமா சவாரி அடிக்கிறவங்களும் நெறைய, அதுக்கு 'பிஹெச்'னே பேரு, உள்ளூர்க்காரங்களே அவசரத்துக்கு ஏறுவாங்க, நீங்க ஏறாதீங்க.

சரி, 'ஹெச்' பாத்து ஏறினா போதுமான்னா, அதுவும் பத்தாது. 2021 ஜனவரில ஒரு சின்னப் பொண்ணு வேலை முடிஞ்சு 'ஹெச்' பிளேட் பாத்துத்தான் ஏறுச்சு, அந்த பிளேட்டே போலி. அந்தப் பொண்ண கொன்னுட்டாங்க. நாடு முழுக்க மெழுகுவத்தி ஏந்தி ரோட்டுக்கு வந்தாங்க. அதுக்கப்புறம் எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் வந்துச்சு, யாரு டாக்சி ஏறினாலும் ஏறுறதுக்கு முன்னாடி பிளேட்ட போட்டோ எடுத்து குரூப்ல போடணும், போய் சேந்ததும் ஒரு தம்ஸ் அப். டிரைவர் பாக்குற மாதிரியே எடுங்க, தப்பா நெனைக்க மாட்டாரு, நல்லவரா இருந்தா சிரிப்பாரு.

உங்களுக்கு நான் சொல்றது: தங்குற எடத்துல கேட்டு ஒரு டிரைவர் நம்பர் வாங்கிட்டு கடைசி வரைக்கும் அவரையே கூப்பிடுங்க. பகல்ல மேக்சி டாக்சி தாராளமா போலாம், அது நம்ம ஷேர் வேன் மாதிரி, மஞ்சப் பட்டை போட்டது மேற்க, சிவப்புப் பட்டை கிழக்க, பச்சைப் பட்டை தெக்க சகுவானாஸ், சான் ஃபெர்னாண்டோ பக்கம். ஃபிளைட் ராத்திரில எறங்குதுன்னா பியார்கோ ஏர்போர்ட்டுக்கு யாராச்சும் கூப்பிட வர்ற மாதிரி முன்னாடியே பேசி வச்சிருங்க.

எல்லோ ஃபீவர் ஊசி போட்டே ஆகணுமா? அம்மாவுக்கு 66 வயசு.
– வாசகி, மதுரை

ட்ரினிடாட் உள்ள விடுறதுக்கு இந்தியாவுல இருந்து நேரா போறவங்ககிட்ட இந்த ஊசிய கேக்க மாட்டாங்க. கேக்குறது நம்ம ஊரு, திரும்பி வரும்போது. ட்ரினிடாட் தீவு மஞ்சள் காய்ச்சல் லிஸ்ட்ல இருக்கு, அங்க போய்ட்டு சர்டிபிகேட் இல்லாம எறங்கினா 6 நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க. எங்க டீம்ல ஒருத்தர் இதுல மாட்டினாரு, தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த மனுஷன், மண்டபத்துல நாதஸ்வரம் வாசிக்கிறத வீடியோ கால்ல பாத்துக்கிட்டு அந்த ரூம்ல ஒக்காந்திருந்தாரு.

ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சர்டிபிகேட் செல்லும், அதனால கிளம்புற வாரம் ஓடாதீங்க. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும், 2016-ல இருந்து அப்படித்தான் ரூல்.

ஆனா உங்க அம்மா விஷயத்துல கொஞ்சம் நிதானம். அது உயிருள்ள கிருமிய பலவீனமாக்கி செஞ்ச ஊசி, 60 வயசுக்கு மேல மொதல் தடவ போட்டா பக்கவிளைவு கொஞ்சம் அதிகம், முட்டை அலர்ஜி, எதிர்ப்பு சக்தி கொறைக்கிற மாத்திரை, கேன்சர் மருந்து இதெல்லாம் இருந்தா போடவே கூடாதுன்னு சொல்லிருவாங்க. டாக்டர்கிட்ட எல்லா மருந்து சீட்டும் காட்டி முடிவு பண்ணுங்க. போட முடியாதுன்னு எழுதிக் குடுத்தா, திரும்பி வரும்போது என்ன ஆகும்னு ஊசி போடுற எடத்துலயே கேட்டுட்டு அப்புறமா டிக்கெட் போடுங்க. நோயப் பத்தி ரொம்ப பயம் வேணாம், அங்க மனுஷங்களுக்கு பெருசா வந்தது 1978-79-லதான், காட்டுக் குரங்குகள்ல இருக்கு, நகரத்துல நீங்க யோசிக்க வேண்டியது டெங்கு.

டெங்கு நம்ம ஊர்லயும்தான் இருக்கு, அதுக்கு என்ன புதுசா?
– வாசகர், சேலம்

புதுசா ஒன்னும் இல்ல, அதனாலதான் ஏமாந்து போறோம். அதே ஏடிஸ் கொசு, அதே பகல் கடி. ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, மாடில தண்ணி டேங்க் இல்லாத வீடே கெடையாது, ஏன்னா பைப்ல தண்ணி விட்டு விட்டுத்தான் வரும். நீங்க ஏற்கனவே ஒரு தடவ டெங்கு வந்தவர்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், வேற வகை வைரஸ் ரெண்டாவதா புடிச்சா வேகமா மோசமாகலாம்.

எனக்கு அங்க வந்துச்சு. மூணு நாள் கண்ணுக்குப் பின்னாடி யாரோ கட்டைவிரல வச்சு அழுத்துற மாதிரி வலி, நாலாவது நாள் காய்ச்சல் விட்டுருச்சு, அப்பாடான்னு ஆபீஸ் கிளம்பினேன், பக்கத்து வீட்டு ஆண்டி கேட்டை மறிச்சு நின்னாங்க. காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம் இதுல ஒன்னு வந்தாலும் ஆஸ்பத்திரிதான். பாராசிட்டமால் மட்டும் போடுங்க, ஆஸ்பிரின், புரூஃபன் தொடவே வேணாம், ரத்தக்கசிவு ஜாஸ்தியாகும். ஒடம்புல தடவுற கொசு மருந்து வாங்கும்போது டீட்ங்கற ரசாயனம் 20-ல இருந்து 30 சதவீதம் இருக்கான்னு பாருங்க, வெயில் க்ரீம் மொதல்ல, கொசு மருந்து அதுக்கு மேல. ஊருக்கு வந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் அடிச்சா டாக்டர்கிட்ட மொத வார்த்தையா எங்க போய்ட்டு வந்தீங்கன்னு சொல்லுங்க.

மழைல டவுன்டவுன்ல முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்கும், செருப்ப கையில எடுத்துக்கிட்டு அதுல எறங்காதீங்க, எலிக்காய்ச்சல் அங்கயும் உண்டு.

டபுள்ஸ், டபுள்ஸ்னு எழுதினீங்களே, ரோட்டுக்கடைல சாப்பிட்டா வயித்துக்கு ஒத்துக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

அண்ணே, டபுள்ஸ் சாப்பிடாம வந்தா போனதே வேஸ்ட். 1845 மே 30-ல ஃபாடல் ரசாக் கப்பல்ல வந்து எறங்கின நம்ம ஆளுங்களோட வாரிசுங்க கண்டுபிடிச்ச சாப்பாடு அது. பாரான்னு மெத்து மெத்துன்னு ரெண்டு பொரிச்ச ரொட்டி, நடுவுல கொதிக்கிற சன்னா, வெள்ளரி, புளிச் சட்னி, தாள்ல சுருட்டிக் குடுப்பாங்க. காலைல கூட்டம் நிக்கிற கடையா பாருங்க, சன்னா ஆவி பறக்கணும், காசு வாங்குற கை வேற, பரிமாறுற கை வேறயா இருக்கணும். அவ்ளோதான் என் டெஸ்ட்டு, மூணு வருஷத்துல வயிறு கெட்டு ஒரு தடவ கூட படுக்கல.

வயித்த கெடுக்குறது பெப்பர் சாஸ். 'ஸ்லைட்?'னு கேப்பாங்க, அப்படின்னா லேசான்னு அர்த்தம். நாமதான் ஆந்திரா மெஸ்ஸே பாத்தவங்களாச்சே, மொத நாளே 'பிளென்டி'ன்னு கெத்தா சொன்னேன், கண்ணுல தண்ணி, காதுல கொய்ங்னு சத்தம், கடைக்காரர் பேசாம ஒரு சோடாவ தொறந்து நீட்டினாரு, என்ன மாதிரி எத்தன பேர பாத்திருப்பாரோ. 2012-ல உலகத்துலயே காரமான மிளகான்னு அமெரிக்காவுல டெஸ்ட் பண்ணி சொன்னது இந்த ஊரு மொருகா ஸ்கார்பியன்தான், காரத்த அளக்குற ஸ்கோவில் கணக்குல சில செடியோட மிளகா 20 லட்சத்த தாண்டுச்சு. 'ஸ்லைட்' போதும்ணே.

பச்சை சிப்பிய காரத்தண்ணில போட்டு கிளாஸ்ல தருவாங்க, அத மட்டும் விட்டுருங்க. குடிக்க பாட்டில் தண்ணி.

மராகாஸ் பீச்ல குளிக்கலாமா? ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்கும் நல்லா நீச்சல் தெரியும்.
– ஒரு அம்மா, பாண்டிச்சேரி

நீச்சல் தெரியும்ங்கறதுதான் எனக்கு பயமா இருக்கு. மலை ரோட்டுல ஏறி எறங்கி அந்த வளைவு திரும்பினதும் தெரியுற கடல் இருக்கே, குதிக்கத்தான் தோணும். ஆனா அங்க அடில இழுப்பு ஜாஸ்தி. லைஃப்கார்டு இருக்குற நேரத்துல, அவங்க கொடி நட்ட எல்லைக்குள்ள மட்டும் எறக்குங்க. இழுத்துட்டா கரையப் பாத்து நீந்தினா களைச்சுப் போய்டுவாங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்து அப்புறம் திரும்பணும், இத ஊர்லயே பசங்களுக்கு தரைல கோடு போட்டு சொல்லிக் குடுங்க. இருட்டுறதுக்கு முன்னாடி கிளம்பிருங்க, ராத்திரி பீச் வேணாம்.

அதவிட ஒரு விஷயம், மரம். மான்சினீல்னு கடலோரத்துல வளரும், குட்டி பச்சை ஆப்பிள் மாதிரி பழம் மணல்ல கெடக்கும், வாசனையா வேற இருக்கும். கடிச்சா மொதல்ல இனிக்கும், அப்புறம் வாய், தொண்டை எல்லாம் வெந்துரும். மரத்துப் பால் பட்டா கொப்புளம், மழைல அடில ஒதுங்கி நின்னா சொட்டுற தண்ணி பட்டாலும் கொப்புளம். சாகுவராமாஸ்ல இருந்து போட்ல சகசகாரே தீவுக்கு கூட்டிட்டுப் போவாங்க, 1984 வரைக்கும் தொழுநோயாளிங்கள வச்சிருந்த எடம், அங்க இந்த மரம் நெறைய. பசங்களுக்கு ஒரே ரூல்: கீழ கெடக்குற எந்தப் பழத்தையும் தொடக்கூடாது.

வாம்பயர் வவ்வால் நெஜமாவே இருக்கா?
– ஏழாவது படிக்கிற வாசகன், நாகர்கோவில்

இருக்குடா தம்பி, நெஜமாவே ரத்தம் குடிக்கும், பெரும்பாலும் மாட்டு ரத்தம். வவ்வால் மூலமா மனுஷனுக்கு ரேபிஸ் வருதுன்னு 1930-கள்ல கண்டுபிடிச்சதே அந்த ஊரு டாக்டர்தான், பேரு ஜோசப் பவான். குகை பாக்கப் போனா எதையும் தொடாத, ஏதாச்சும் கடிச்சா, கீறினா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டு அன்னிக்கே ஊசி.

அப்பாவுக்கு சுகர், இன்சுலின் போடுறாரு, வீசிங்கும் இருக்கு. கூட்டிட்டுப் போலாமா?
– வாசகர், ஈரோடு

தாராளமா. இன்சுலின் கைப்பைல, செக்-இன் பெட்டில போட்டா மேல ஒறஞ்சு போகலாம். தங்குற நாளுக்கு ரெண்டு மடங்கு மருந்து, டாக்டர் சீட்டு, மருந்தோட கம்பெனி பேர் இல்லாம மூலப்பெயர் எழுதினதா வாங்கிக்கோங்க. நெபுலைசர் கொண்டு போனீங்கன்னா அங்க கரன்ட் 115 வோல்ட், நம்ம மெஷின் சரியா ஓடாது, பிளக்கும் வேற, மெஷின்ல 110-240னு போட்டிருக்கான்னு திருப்பிப் பாருங்க. மார்ச்சுக்கு மேல சில நாள் வானமே பழுப்பா மாறும், சஹாரா பாலைவனத்து தூசி அட்லாண்டிக் தாண்டி வந்து எறங்குறது, அன்னிக்கு அப்பா ஜன்னல சாத்திட்டு உள்ளயே இருக்கட்டும், பஃப் கைக்கு எட்டுற தூரத்துல.

இன்சூரன்ஸ் இல்லாம ஏறாதீங்க. அரசு ஆஸ்பத்திரில காசு கேக்க மாட்டாங்க ஆனா காத்திருக்கணும், தனியார்ல உள்ள விடுறதுக்கு முன்னாடியே டெபாசிட் கேப்பாங்க. பெரிய பிரச்சனைன்னா மயாமிக்கு ஏர் ஆம்புலன்ஸ்ல அனுப்புவாங்க, அந்த செலவு உங்க பாலிசில இருக்கான்னு தேடிப் பாருங்க. போலீசுக்கு 999, தீயணைப்புக்கு 990, ஆம்புலன்சுக்கு 811. மூணையும் அப்பா போன்லயும் சேவ் பண்ணிக் குடுத்துருங்க.