‘நான் பட்ட கஷ்டம் பிள்ளைகள் படக்கூடாது’: அதற்கு மாதம் 17,600 ரூபாயா?

கேள்வி: சாத்தூர் பக்கம் ஒரு கிராமம் என் சொந்த ஊர். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கூலி. அம்மா வீட்டில் பெட்டி ஒட்டுவார். சனிக்கிழமை கூலி வந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய் அந்த வாரப் பற்றை அடைப்பார். மிஞ்சினால்தான் எனக்கு நோட்டு, பேனா. இன்று நானும் மனைவியும் சென்னையில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கையில் வருவது 1,18,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 36,000 (பாக்கி 31 லட்சம்), பள்ளிக் கட்டணமும் வேனும் 22,000, வீட்டுச் செலவு 34,000.

மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. நான் பட்ட கஷ்டம் அவர்கள் படக்கூடாது என்று கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். டேப்லெட்டுக்குத் தவணை 4,000 (இன்னும் 2 மாதம்), கியர் சைக்கிளுக்கு 2,000. சிங்கப்பூர் போய்வர 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு வாங்கிய 2.5 லட்சம் தனிநபர் கடனுக்கு 8,500. மகளின் பிறந்தநாளை ஹால் எடுத்துக் கொண்டாடியதில் கிரெடிட் கார்டில் 62,000 நிற்கிறது. மாதம் 3,100 கட்டுகிறேன். இப்போது மகன் 45,000 ரூபாய் போன் கேட்கிறான். காசு இல்லை என்றால், “ஜிபே பண்ணுங்கப்பா” என்கிறான். என் பெற்றோர் எனக்குக் கற்றுத்தந்ததை இவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது? இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கும் மைத்துனர், பிள்ளைகள் படிப்புக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் பிரீமியத்தில் ஒரு யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) எடுக்கச் சொல்கிறார். வங்கியில் 80,000 எஃப்.டி. இருக்கிறது. அம்மாவுக்கு அனுப்பும் 5,000-ஐ இரண்டு மாதமாக 2,000 ஆக்கியிருக்கிறேன்.

பதில்: போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அம்மாவுக்கு அனுப்புவதில் 3,000 குறைத்ததை, அதை முதலில் சரிசெய்வோம். அந்த 3,000 எங்கே போகிறது தெரியுமா? கிரெடிட் கார்டுக்கு.

62,000 பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 2,170, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 390. ஆக 2,560. நீங்கள் கட்டும் 3,100-ல் அசலில் கழிவது 540 ரூபாய்தான். ஒரு பக்கம் எஃப்.டி.யில் 7 சதவீதம் போல வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் ஆண்டுக்கு 42 சதவீதம் கொடுக்கிறீர்கள். ‘அது பிள்ளைகள் படிப்புக்கு வைத்தது’ என்று மனம் இடிக்கும். இடிக்கட்டும். எஃப்.டி.யை உடைத்துக் கார்டை முழுதாக அடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் ஒரு சதவீதம் போலக் குறைப்பார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மிச்சம் 18,000 சொச்சம் கையில் நிற்கும். மாதம் விடுபடும் 3,100-ல் அம்மாவுக்குப் பழையபடி 5,000 போகட்டும்.

இப்போது மகன் விஷயம். அவன் மேல் எனக்குக் குறை தோன்றவில்லை. ‘காசு இல்லை’ என்று நீங்கள் சொன்ன பிறகும் டேப்லெட் வந்தது, சைக்கிள் வந்தது, விமான டிக்கெட்டும் வந்தது. அப்பா இல்லை என்பார், ஆனால் வாங்கிவிடுவார் என்பதைத்தான் அவன் இதுவரை படித்திருக்கிறான். சரியாகவே படித்திருக்கிறான்.

உங்கள் அம்மா உங்களுக்கு உபதேசம் செய்ததாக நீங்கள் எழுதவில்லை, கவனித்தீர்களா? கடைக்குக் கூட்டிப் போனார், அவ்வளவுதான். கூலி எவ்வளவு வந்தது, கடைக்கு எவ்வளவு போனது, மிஞ்சியது எவ்வளவு என்று எல்லாம் உங்கள் கண் முன்னால் நடந்தது. உங்கள் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை. சம்பளம் ஓசையில்லாமல் வருகிறது, தவணை ஓசையில்லாமல் போகிறது. நாளைக்குப் போய் ‘நாங்கெல்லாம் அந்தக் காலத்துல’ என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிடாதீர்கள். அதைக் கேட்டுத் திருந்திய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பதில், வரும் ஒன்றாம் தேதி இருவரையும் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 1,18,000 வந்தது. வீட்டுக் கடன், பள்ளி, வீட்டுச் செலவு போக 26,000. அதில் அவர்களுக்காக வாங்கியவற்றின் தவணை, கார்டோடு சேர்த்து, 17,600. ஆச்சிக்கு 2,000. மீதி 6,400-ல்தான் பெட்ரோல், மருந்து, கல்யாண மொய் எல்லாம். சிங்கப்பூருக்கு வாங்கிய 2.5 லட்சத்துக்கு மூன்று ஆண்டில் சுமார் 3,07,000 கட்டப்போகிறோம், 57,000 வெறும் வட்டி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 13 வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு புரியும். பயந்துவிடுவான் என்று நினைக்காதீர்கள்.

போன் வேண்டுமா? வாங்கலாம், ஆனால் தவணையில் கிடையாது. இரண்டு மாதத்தில் டேப்லெட் முடிகிறது. அந்த 4,000-ஐ மாதாமாதம் தனியாகப் போட்டு வாருங்கள். 45,000 சேரப் பதினோரு மாதத்துக்கு மேல் ஆகும். 22,000 ரூபாய் போன் என்றால் ஆறு மாதம். எது என்று அவனே முடிவு செய்யட்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த 2025-ல் ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. அவன் பெயரிலேயே ஒரு கணக்கு திறந்து, மாதச் செலவுக்காசையும் அதில் போடுங்கள். தீர்ந்துபோனால் அடுத்த ஒன்றாம் தேதி வரை தரக்கூடாது. உங்களுக்குத்தான் இது கஷ்டமாக இருக்கும்.

கடைக்காரர் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்பார். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்பதை 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மொத்தமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணத்திலோ அது ஒளிந்திருக்கும்.

பிறந்தநாள் ஹால் பற்றி நான் பேசப்போவதில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாருக்காகப் படம் போடுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

மைத்துனரின் யூலிப்: ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றால் மாதம் 8,300. உங்களிடம் இருப்பதே 6,400. மீதியைக் கார்டில் தேய்ப்பீர்களா? அந்தப் பிரீமியத்துக்குக் காப்பீடு பெரும்பாலும் பத்து லட்சம் வாக்கில்தான் இருக்கும். வீட்டுக் கடனோ 31 லட்சம். குழந்தைப் படம் போட்ட பாலிசி என்பதால் அது குழந்தைக்கானது ஆகிவிடாது. நீங்கள் இருவரும் முதலீடு கலக்காத, உயிர்க் காப்பீடு மட்டும் தரும் வெறும் டேர்ம் பாலிசி எடுங்கள்; கமிஷன் அவருக்கே போகட்டும் என்றால் அவரிடமே எடுங்கள், குடும்பத்தில் சண்டை வேண்டாம்.

மகளுக்கு மட்டும் ஒன்று அவசரம். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். 2024 தொடக்கத்தில் வட்டி 8.2 சதவீதம் ஆனது; காலாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடியது, போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். இப்போது சிறிதாகத் தொடங்கி, சிங்கப்பூர் கடன் முடிந்ததும் அந்த 8,500-ல் பாதியை இதற்குத் திருப்புங்கள். அஞ்சலகத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் உங்கள் ஆதார், பான் அட்டைகளும் எடுத்துப் போங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு. எஃப்.டி.யை உடைக்கும் வேலையை அடுத்த கார்டு பில் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.